கரிசல் கேட்ட குரல்கள் – 14: ராத்திரி டூட்டி

பாளையங்கோட்டையில் ராத்திரிக் காவலைக் கோட்டைவிட்ட கதை நம் வட்டாரத்தில் பலருக்கும் தெரியும். 1801 பிப்ரவரி 2. கும்பினி அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் கூடியிருந்த நேரம். ஊமைத்துரையும் உடன் அடைபட்டிருந்தவர்களும் காவல் சிப்பாய்களை மடக்கிவிட்டு வெளியேறி, 30 மைல் போல நடையும் ஓட்டமுமாகக் கடந்து, விடிவதற்குள் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்துவிட்டார்கள். 1799 போருக்குப் பிறகு வெள்ளைக்காரன் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த கோட்டை, பட்டாளம் திரும்பி வருவதற்குள் மறுபடி எழும்பி நின்றது. அந்தப் பட்டாளத்தில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் இதையெல்லாம் ஆச்சரியத்தோடு எழுதிவைத்திருக்கிறார்.

அதே பாளையங்கோட்டையில் 162 ஆண்டுகள் கழித்து இன்னொரு ராத்திரி டூட்டி ஆரம்பமானது. 1963 டிசம்பரில் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் கரிசலுக்கு முதன்முறையாக 'நம்ம பக்கத்து ரேடியோ' கிடைத்தது அன்றைக்குத்தான். அதுவரை காதுக்கு எட்டியது இரண்டு குரல்கள். ஒன்று, 1939 முதல் ஒலித்துவந்த திருச்சி. இன்னொன்று, கடலைத் தாண்டித் தெளிவாக வந்து விழுந்த இலங்கை வானொலி. திருநெல்வேலி வந்த பிறகும் இலங்கைக்கு மவுசு குறையவில்லை என்பதைப் போன வாரங்களில் பார்த்தோம். இந்த வாரம் குரல்களை விட்டுவிட்டு, குரலுக்குப் பின்னால் விழித்திருந்தவர்களைப் பார்க்கலாம். விடியற்காலை 4 மணிக்கும் ராத்திரி 11 மணிக்கும் நிலையத்தில் யார் இருந்தார்கள்?

அந்தக் காலத்து அகில இந்திய வானொலி நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கவில்லை. காலை, மதியம், மாலை-இரவு என்று மூன்று ஒலிபரப்பு, இடையில் அடைப்பு. ராத்திரி 11 மணி வாக்கில் வணக்கம் சொல்லி மூடினால் மறுநாள் காலை 6 மணிக்குச் சற்று முன்னால்தான் திறப்பு. முதலில் வருவது அந்த அடையாள இசை. பிராக் நகரத்திலிருந்து பம்பாய்க்கு அடைக்கலமாக வந்த யூத இசைக்கலைஞர் வால்டர் காஃப்மன் 1936-இல் அமைத்தது. தம்பூராவின் மேல் வயலின் ஏறிவரும் அந்த மெட்டு, கரிசலில் தொழுவத்துக்குப் போகிறவர்களுக்குக் கடிகாரமாகவே இருந்தது. பிறகு வந்தே மாதரம், பிறகு மங்கள இசை நாதஸ்வரம்.

அந்த மெட்டு 5.55-க்கு வர வேண்டுமென்றால் 4 மணிக்கே சிலர் எழுந்தாக வேண்டும். நிலையத்து வண்டி இருட்டில் வீடு வீடாகப் போய் ஆட்களை ஏற்றிவரும். ராத்திரி மூடிய பிறகு அதே போல் கொண்டுபோய் விடும். பஸ் ஓடாத நேரம் என்பதால் இந்த 'பிக்கப்' ஒரு சலுகையாக இல்லை, ஒலிபரப்பின் ஒரு பாகமாகவே இருந்தது. வண்டி பழுதானால் மங்கள இசையும் பழுது. வானொலி வரலாறு எழுதியவர்கள் இயக்குநர்களைப் பற்றியும் வித்வான்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். டிரைவரைப் பற்றி ஒரு வரி எழுதியவர் இல்லை.

கட்டடத்துக்குள் யார் யார் இருந்தார்கள்? மைக்குக்கு முன்னால் ஒரு அறிவிப்பாளர். டூட்டி ரூமில் ஒரு டூட்டி ஆபீசர். பின்னாளில் டிரான்ஸ்மிஷன் எக்ஸிகியூட்டிவ், சுருக்கமாக 'டிரெக்ஸ்'. கன்ட்ரோல் ரூமில் பொறியியல் பிரிவு ஆள். ஒலிபரப்பிக் கருவி இருக்கும் இடத்தில் தனியாக வேறு ஆட்கள். வாசலில் காவலர். அறிவிப்பாளர் ஒலிபரப்பியைத் தொடக் கூடாது. பொறியாளர் மைக்கில் பேசக் கூடாது. டூட்டி ஆபீசர் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டே லாக் புக்கில் எழுத வேண்டும். எத்தனை மணிக்கு எது ஒலித்தது, எத்தனை வினாடி மௌனம், எந்த ஒலிநாடா அறுந்தது என்று எல்லாம் அதில் ஏறும். மறுநாள் காலைக் கூட்டத்தில் அதைப் படித்து 'ஏன்?' என்று கேட்பார்கள். சரியான பதில் இல்லாவிட்டால் மெமோ.

ஒரு நபரை நம்பி ஒரு மைக்கை விட அரசாங்கத்துக்கு மனம் வரவில்லை என்றும் இதைப் பார்க்கலாம். அமெரிக்கச் சிற்றூர் நிலையங்களில் அதே காலத்தில் ஒரே ஆள் கதவைத் திறப்பார், ஒலிபரப்பியை முடுக்குவார், இசைத்தட்டைப் போடுவார், வானிலை படிப்பார், தொலைபேசியும் எடுப்பார். ஒலிபரப்பியைக் கவனிக்க உரிமம் பெற்ற ஆள் வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் பாட்டுப் போடும் பையன்களே சில வாரப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து பரீட்சை எழுதி உரிமம் வாங்கிக்கொண்டார்கள். நம் நிலையத்தில் நாலு பேர் பார்த்த வேலையை அங்கே ஒருவர் பார்த்தார். நம்முடையது வீண் செலவு என்று பேசியவர்கள் அன்றும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

ஒரு காலை ஷிஃப்டில் நெஞ்சு படபடக்கிற கட்டம் எது என்றால், 7.15 டெல்லிச் செய்தி. சரோஜ் நாராயணசாமியின் குரலை இன்றைக்கும் காதில் வைத்திருப்பவர்கள் கோவில்பட்டியில் ஏராளம். அந்தக் குரல் டெல்லியிலிருந்து சிற்றலையில் வர, அதை இங்கே பிடித்து மத்திய அலையில் 'அஞ்சல்' செய்ய வேண்டும். கன்ட்ரோல் ரூமில் ஆள் ரிசீவரின் குமிழைத் திருகி, இரைச்சலுக்கு நடுவே டெல்லியைத் தேடிக்கொண்டிருப்பார். ஸ்டுடியோவில் அறிவிப்பாளர் முன்னால் கியூ ஷீட். பக்தி இசைத்தட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பழைய தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். கணக்குப் பார்த்துத்தான் ஊசியை வைத்திருப்பார். ஆனாலும் 7.14-க்குத் தட்டு முடிந்துபோகும், அல்லது 7.15 ஆகியும் சரணம் முடியாது. முந்தி முடிந்தால் வாத்திய இசையை மெல்ல ஏற்ற வேண்டும். பிந்தினால் பாடகியின் குரலைக் கையால் மெல்ல இறக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்ட்ரோல் ரூம்காரர் கட்டைவிரலை உயர்த்தினால் டெல்லி கிடைத்துவிட்டது. தலையை ஆட்டினால் கிடைக்கவில்லை. அப்போது 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. 1983-இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோள் வழியாக டெல்லி வரத் தொடங்கியதும்தான் இந்தக் குமிழ் திருகல் ஓய்ந்தது.

இந்தப் பக்கம் கேட்கிறவர்களுக்கும் டூட்டி உண்டு. பஞ்சாயத்து ரேடியோ ரூமைத் திறந்து, ஒலிபெருக்கியைப் போட்டு, விவசாய நிகழ்ச்சியும் செய்தியும் முடிந்ததும் பூட்டுகிற ஆள். பல ஊர்களில் தெருவிளக்கு, குழாய் மோட்டார், ரேடியோ மூன்றுக்கும் ஒரே ஆள்தான். பண்ணை இல்ல ஒலிபரப்பு வருகிற சாயங்காலம் அவர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டால், கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் சொல்லி அனுப்பிய விதைப்பு யோசனை அந்த ஊருக்குள் நுழையாது. 1901 முதல் மானாவாரிக்கென்றே இருந்துவரும் ஆராய்ச்சி நிலையம் அது. பருத்தியும் சோளமும் எப்போது விதைப்பது என்று அது சொல்வதை, காளையைக் கட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்த சம்சாரி கேட்க வேண்டும் என்றால் நடுவில் இத்தனை பேர் இருக்க வேண்டியிருந்தது. 1977-இல் திருநெல்வேலி நிலையத்தில் விவசாய ஒலிபரப்புக்கு வந்து சேர்ந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன், மேடைத் தமிழை விட்டுவிட்டு இந்தத் திண்ணைக்காரரிடம் பேசுகிற மாதிரியே பேசிப் பழகினார். 'இன்று ஒரு தகவல்' மூலம் தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கியது பின்னால், சென்னைக்குப் போன பிறகு.

ரேடியோவுக்கு முன்னால் எழுந்தவர்களும் இங்கே உண்டு. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களின் பஸ்கள் 1980-களில் விடியற்காலை 3 மணி, 4 மணிக்கே கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. அதை ஆராய்ந்து எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நிலையத்து வண்டி அறிவிப்பாளரை ஏற்ற வரும் நேரமும் ஏறக்குறைய அதுதான். அடையாள இசை வருகிறபோது அந்தப் பிள்ளைகள் கட்டை அடுக்க உட்கார்ந்திருப்பார்கள். காலை ஒலிபரப்பை வீட்டில் கேட்டு வளர்ந்தோம் என்று எழுதுகிற நாங்கள் எல்லாம் அந்த பஸ்ஸில் ஏறாதவர்கள்.

ராத்திரி டூட்டியின் கனம் சாதாரண நாளில் தெரியாது. மரணம், புயல், தேர்தல், இந்த மூன்றும் வரும்போதுதான் தெரியும்.

பதவியில் இருந்தபோதே காலமான தமிழ்நாட்டு முதலமைச்சர்களின் சாவு ராத்திரியில்தான் வந்தது என்பதை யாரும் அவ்வளவாகக் கவனித்ததில்லை. அண்ணா காலமானது 1969 பிப்ரவரி 3, நள்ளிரவு கடந்து 12.22. எம்.ஜி.ஆர். காலமானது 1987 டிசம்பர் 24, விடிவதற்கு முன். இரண்டுமே வழக்கமான ஒலிபரப்பு மூடியிருக்கும் நேரம். காலை ஷிஃப்டுக்கு வருகிற அறிவிப்பாளர் செய்தியை வழியிலேயே கேள்விப்பட்டிருந்தாலும் தானாக மைக்கில் சொல்லிவிட முடியாது. மேலிடத்து உறுதி வர வேண்டும். அந்த எச்சரிக்கை அநாவசியம் என்றும் சொல்ல முடியாது. 1979 மார்ச் 22-இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமாகிவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாயே மக்களவையில் சொல்ல, வானொலியும் சொல்லிவிட்டது. ஜே.பி. பம்பாய் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். அக்டோபர் 8-இல்தான் காலமானார். மேலிடமே இப்படித் தவறும்போது, பாளையங்கோட்டை டூட்டி ரூமில் தனியாக உட்கார்ந்திருப்பவர் எதை நம்புவார்?

ஆனால் கரிசல் ஜனங்கள் அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. அரசுத் துக்கம் என்றால் நிகழ்ச்சிகள் ரத்து, பாட்டு கிடையாது, வீணையோ சாரங்கியோ இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் நாதஸ்வரம் வர வேண்டிய இடத்தில் வீணை வந்தால், "ஏலே, யாரோ பெரிய ஆளு போயிட்டாகடா" என்று டீக்கடையில் முடிவுகட்டிவிடுவார்கள். டூட்டி ஆபீசர் வாயால் சொல்ல முடியாததை இசைத்தட்டு அலமாரி சொல்லிவிடும்.

புயல் விஷயம் வேறு. வங்கக் கடலில் சின்னம் உருவாகிக் கரையை நெருங்கினால், கடலோர நிலையங்கள் வழக்கமான நேரத்துக்குப் பிறகும் மூடாமல் எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ராத்திரி ஷிஃப்டுக்கு வந்தவர்களே மறுநாள் காலைவரை இருக்க வேண்டிவரும். இப்படி ஓர் ஏற்பாடு ஏன் வேண்டும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1964 டிசம்பர் 22. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை அலை அடித்துக்கொண்டு போனபோது நள்ளிரவு ஆக ஐந்து நிமிடம். 100-க்கு மேற்பட்டவர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் போனார்கள். திருநெல்வேலி நிலையத்துக்கு அப்போது ஒரு வயது. வேம்பாறு, தருவைகுளம் கரையில் மீன்பிடிப்பவர்களுக்கு அந்த வருஷத்துக்குப் பிறகு ராத்திரி வானிலை அறிக்கை வேடிக்கையாக இல்லை.

தேர்தல் ராத்திரிகள் கொஞ்சம் உற்சாகமானவை. வாக்குச்சீட்டு எண்ணிய காலம். எண்ணி முடிக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். வானொலி விடிய விடிய விழித்திருந்து, மணிக்கொரு தரம் முடிவு சொல்லி, நடுநடுவே சினிமாப் பாட்டுப் போடும். வேறு எந்த ராத்திரியிலும் கிடைக்காத பாட்டு. கட்சி சார்பில்லாதவர்கள்கூட அன்று பாட்டுக்காக விழித்திருப்பார்கள்.

இனி, இந்த வேலையைப் பார்த்தவர்களின் நிலைமை. ஆரம்ப காலத்து அறிவிப்பாளர்கள் அரசு ஊழியர்களே அல்ல. 'ஸ்டாஃப் ஆர்டிஸ்ட்' என்று பேர். ஒப்பந்தத்தில் வேலை, ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். நாடறிந்த குரலாக இருந்தாலும் பக்கத்து மேஜை குமாஸ்தாவுக்கு இருக்கிற உத்தரவாதம் இவருக்குக் கிடையாது. 1980-களின் தொடக்கத்தில்தான் இவர்களை அரசு ஊழியராக ஏற்றார்கள். ஏற்றது நல்லது. ஆனால் அதற்குள் இன்னொரு வகை வந்துவிட்டது: 'கேஷுவல்', தற்காலிக அறிவிப்பாளர். குரல் தேர்வில் தேறி, பட்டியலில் பேர் ஏறி, பள்ளிக்கூட வாத்தியாராகவோ கல்லூரி மாணவியாகவோ இருந்துகொண்டே டூட்டிக்கு வருகிறவர்கள்.

இவர்களுக்கு மாதத்தில் ஆறு டூட்டிக்கு மேல் தரக் கூடாது என்பது விதி. ஏழாவது தந்தால் நாளைக்கு நிரந்தரம் கேட்பார்களே! 1992-இல் தற்காலிகக் கலைஞர்களை நிரந்தரமாக்க ஒரு திட்டம் வந்தபோது, 1991 கடைசிக்குள் ஏதாவது ஓர் ஆண்டில் மொத்தம் 72 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். மாதம் ஆறு, பன்னிரண்டு மாதம். ஒரு மாதம் அம்மை போட்டுப் படுத்தவருக்கும், பேறுகாலத்துக்குப் போனவருக்கும் கணக்கு உதைத்தது. அதற்கு அப்புறம் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கணக்கும் இல்லை. நாடு முழுக்க இவர்கள் கோர்ட்டுப் படியேறியது அதனால்தான்.

நிரந்தரக்காரர்கள் ஓய்வுபெற்றார்கள், அந்த இடங்களை நிரப்பவில்லை. 1997 நவம்பரில் பிரசார் பாரதி வந்தது, பலகை மாறியது, காலி இடம் காலியாகவே கிடந்தது. கணினி வந்து ஆட்களை விரட்டியது என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வரிசை அப்படி இல்லை. முதலில் நாற்காலி காலியானது. பிறகு அதில் மாதம் ஆறு நாள்காரர்கள் மாறி மாறி உட்கார்ந்தார்கள். கணினி வந்தது கடைசியில்தான், அதுவும் ஏற்கெனவே யாருக்கும் சொந்தமில்லாத இடத்துக்கு.

ஆள் குறைவிலேயே நல்லது செய்யப் பார்த்த ஒரு முயற்சியும் நம் பக்கத்தில்தான் தொடங்கியது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30-இல் நாகர்கோவிலில் திறக்கப்பட்டது. பெரிய நிலையங்களின் பரிவாரம் இல்லாமல், கொஞ்சம் பேர் பல வேலை பார்த்து, அந்த மாவட்டத்துக்காரர்களிடம் அவர்கள் பேச்சிலேயே பேசுவது என்பது திட்டம். திறந்த மறுநாள் காலை டெல்லியில் இந்திரா காந்தி சுடப்பட்டார். பிபிசி பகலிலேயே மரணத்தைச் சொல்லிவிட, அகில இந்திய வானொலி மாலைவரை சொல்லவில்லை. இரண்டாம் நாளே அந்தப் புது நிலையத்தில் டூட்டியில் இருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! உள்ளூர் என்றாலும் அந்த ஒரு விஷயத்தில் அவர்களும் டெல்லியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நாலு பேர் பார்த்த டூட்டியை வீண் என்று சொல்ல மாட்டேன் என்றேன் அல்லவா? அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் மைனாட் என்று ஒரு ஊர். 2002 ஜனவரி 18, ராத்திரி ஒன்றரை மணி தாண்டி அங்கே ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு அம்மோனியா கசிந்தது. உறைபனிக் குளிர். வெளியே வராதீர்கள், ஜன்னலை மூடுங்கள் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். போலீஸ் வானொலியைப் பிடிக்க முயன்றது. அந்த ஊரின் ஆறு வணிக நிலையங்களும் ஒரே கம்பெனிக்குச் சொந்தம். பெரும்பாலான நேரம் நிகழ்ச்சி வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தது. உடனடியாகத் தொடர்பு கிடைக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தார், அவசர அறிவிப்புக் கருவிதான் சரியாக அமைக்கப்படவில்லை, தொலைபேசி வேறு நெரிசலில் அடைபட்டுவிட்டது என்று கம்பெனி தரப்பில் பதில் சொன்னார்கள். ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அமெரிக்காவில் வானொலி உரிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இந்த ராத்திரியிலிருந்துதான் பேச்சை எடுக்கிறார்கள்.

நம் பக்கத்தில் 2000-களில் தனியார் எப்.எம்.கள் வந்தன. ராத்திரி முழுக்க இளையராஜா. கணினியில் பட்டியல் போட்டுவிட்டால் விடியும்வரை ஓடும். தனியார் எப்.எம்.கள் சொந்தமாகச் செய்தி சொல்ல இந்தியாவில் அனுமதி இல்லை. அரசு வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆக ஒரு பக்கம் ராத்திரியெல்லாம் விழித்திருக்கும், செய்தி சொல்லக் கூடாது. இன்னொரு பக்கம் செய்தி சொல்லலாம், ஆள் போதாது.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி மறுநாள் காலைவரை காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. பல ஊர்களில் கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. இரண்டு பேட்டரி போட்ட ஒரு டிரான்சிஸ்டர் மட்டும் வேலை செய்திருக்கக்கூடிய ராத்திரி அது. நம் வீடுகளில் டிரான்சிஸ்டரை எப்போது பழைய இரும்புக்காரருக்குப் போட்டோம் என்பது அடுத்து கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன், இலங்கையை நோக்கி முகத்தைத் திருப்பி நிற்கும் தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பியை ஒரு எட்டுப் பார்த்துவிட வேண்டும்.

(தொடரும்)